பதிவுக்கு வந்த இடுப்பு

கோவிந்தராசுவின் இடுப்பு பிடித்துக்கொண்டு இந்தப் புரட்டாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. போன சம்பா நடவின்போது நாற்றுக்கட்டைத் தூக்கக் குனிந்தவர், நிமிரும்போது பாதியில் நின்றுவிட்டார். அன்று நின்றதுதான்.

அவர் குத்தகைக்குப் பயிர் செய்வது ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக ஊரில் அதிகாரம் செய்வது காரியஸ்தர் பஞ்சநதம். குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து பஞ்சநதத்துக்குச் சரியான தூக்கம் இல்லை. பெயர் ஏறிவிட்டால் ஆளை லேசில் கிளப்ப முடியாது. சொந்த உடம்பால் பாடுபடுகிறவருக்குத்தான் பதிவு என்று யாரோ சொல்லக் கேட்டவர், கோவிந்தராசு பதிவுக்கு மனுக் கொடுத்ததுமே ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்: ‘மேற்படி கோவிந்தராசு இடுப்பு முடங்கிக் கிடக்கிறார். சாகுபடி செய்வது அவர் அல்ல.’

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அதிகாரி வயலுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் கோவிந்தராசு ஏர் பிடித்தபடி அவர் கண்ணில் பட்டாக வேண்டும். செவ்வந்தி வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. கணவனும் மனைவியும் கலந்து பேசி எடுத்த முடிவு என்று கோவிந்தராசு இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கலந்தது அவர். பேசியதும் அவர்.

புதன்கிழமை பொழுது இப்படி விடிந்தது.

செவ்வந்தி கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நாத்தனார் வேம்புவின் குரல் கேட்டது. கூடவே கனத்த ஆண் இருமல் ஒன்றும் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நெல் மூட்டைக்குக் கைகால் முளைத்தது மாதிரி ஒருவர் கூச்சத்தோடு நின்றிருந்தார்.

“யாரு அண்ணி இவங்க?”

“குத்தாலத்துக்காரங்க. பேரு வீரையன். நேத்து சாயங்காலமே ஆள் விட்டுக் கூட்டியாந்து எங்க வீட்டுல படுக்க வச்சேன். காலு முன்னாடி வந்து பொறந்தவங்க.”

செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவர் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

“அண்ணி, இன்னிக்கா?”

“இன்னிக்கி விட்டா இவங்க ஐப்பசிக்குத்தான் இந்தப் பக்கம் வருவாங்க. மூணே ஒதை. இடது காலு. முடிஞ்சிடும்.”

“பத்து மணிக்கு ஆபீசர் வர்றாரு.”

“அதுக்குத்தான்டி அடிச்சுப் புடிச்சுக் கூட்டியாந்தேன். என் தம்பி ஆபீசர் முன்னாடி கொம்பு மாதிரி நிமிந்து நிக்க வேணாமா?”

வேம்பு கெட்டவள் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். இந்த ஒரு வருஷத்தில் தம்பிக்காக அவள் அலையாத இடமில்லை. நொச்சி இலையை வேகவைத்து ஆவி பிடிக்க வைத்தாள். முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வைத்தியரை அழைத்து வந்தாள். அவர் மீன் வாடை அடிக்கும் ஏதோ எண்ணெயைப் போட்டுப் பிசைந்து பதினைந்து நாளைக்கு ஒரு கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்தபோது இடுப்பு வலியோடு அரிப்பும் சேர்ந்திருந்தது. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்த ஒத்தடம் மட்டும் கொஞ்சம் கேட்டது. மெதுவாகக் கேட்கிறதே என்று வேம்பு அதை நிறுத்திவிட்டாள்.

கோவிந்தராசு முகம் மழித்து, வெள்ளைப் பனியன் போட்டு, கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். இடது கை இடுப்பில் இருந்தது. அது அங்கேயே குடியிருந்து ஒரு வருஷம் ஆயிற்று.

“என்னங்க, வேணாங்க. சைத்தூன் அக்கா சொன்னதைச் செஞ்சு காலாற நடந்து போனாப் போதும்” என்றாள் செவ்வந்தி.

“அந்தப் பேச்சை எடுக்காத.”

எடுக்கக் கூடாத அந்தப் பேச்சு இதுதான். போன மாதம் கும்பகோணத்தில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒரு குறையும் இல்லை, சதைதான் இறுகிக் கிடக்கிறது என்றார் சுகாதார நிலையத்து டாக்டர். மாத்திரை கொடுத்தார். கூடவே, அங்கே பிரசவம் பார்க்கும் சைத்தூன் பீவியைக் கூப்பிட்டு, கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் மூச்சையும் உடம்பைத் தளர விடுவதையும் இவருக்கும் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். முதல் நான்கு நாள் கோவிந்தராசு ஒழுங்காகப் படுத்து மூச்சு விட்டார். ஒரு வருஷத்தில் அந்த நான்கு இரவுதான் முனகாமல் தூங்கினார். ஐந்தாம் நாள் டீக்கடையில் யாரோ, “என்ன கோவிந்தராசு, இது எத்தனாவது மாசம்?” என்று கேட்டுவிட்டார்கள். அதோடு மூச்சு நின்றது.

“அக்கா, எங்க படுக்கணும்?” என்று வேம்புவைக் கேட்டார் கோவிந்தராசு.

வாசலில் சாக்கு விரித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். வீரையன் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “கோவிச்சுக்காதீங்க மாப்ள” என்று சொல்லி இடது காலைத் தூக்கினார்.

முதல் உதையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது உதைக்கு, “அட, லேசா விட்டாப்ல இருக்கே!” என்றார் கோவிந்தராசு. வேம்பு செவ்வந்தியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் உற்சாகமாகி வீரையன் மூன்றாவதைக் கொஞ்சம் மனம் விட்டுக் கொடுத்துவிட்டார்.

கோவிந்தராசு போட்ட சத்தத்தில் கொல்லையில் மாடு கயிற்றை இழுத்தது.

“புடிப்பு விடறப்ப அப்படித்தான் இருக்கும்” என்றாள் வேம்பு.

“விட்டுடிச்சா அண்ணி? நல்லாப் பாருங்க. எங்க விட்டுதுன்னு காட்டுங்க” என்றாள் செவ்வந்தி.

எழுப்பி நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, உடம்பு சாய்ந்து நின்றது. இதற்கு முன்னால் கோவிந்தராசு குனியத்தான் சிரமப்படுவார். இப்போது நேராக நிற்பதே வித்தையாகிவிட்டது. வீரையன் மெல்ல, “இன்னும் ரெண்டு நாள் காலையில வரணும். அப்பத்தான் கணக்கு” என்றார். அவருக்கு ஒரு லோட்டா மோர் கொடுத்து வழியனுப்பிவிட்டுச் செவ்வந்தி புடவையை இழுத்துச் செருகினாள்.

“நீ எங்க கெளம்புற? ஒன்னைய வீட்டுல இருன்னு சொன்னேன்.”

“இருக்கறேன். நீங்க குடமுருட்டி ஆத்தங்கரை வயல் வரைக்கும் தனியா நடந்து காட்டுங்க. நான் இங்கயே இருக்கறேன்.”

பத்து அடி நடந்தார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வயலில் மாரியப்பன் ஏரைப் பூட்டித் தயாராக நின்றிருந்தார். பக்கத்து வயல்காரர். போன வருஷத்திலிருந்து இந்த ஒன்பது மாவையும் உழுது கொடுப்பவர் அவர்தான். அதற்குப் பதிலாகச் செவ்வந்தி அவர் வயலில் நடவு நட்டுக் கொடுப்பாள். வரப்பு வெட்டுவது, மடை திருப்புவது, எரு அடிப்பது, நடுவது, களை பறிப்பது எல்லாம் அவள். இது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அதிகாரிக்கு மட்டும் தெரியக் கூடாது என்பதுதான் கோவிந்தராசுவின் ஏற்பாடு.

அவர் மேழியைப் பிடித்தார். மாடு இரண்டு எட்டு வைத்தது. மூன்றாவது எட்டில் கோவிந்தராசுவின் கை மேழியை விட்டது. அப்படியே வரப்பில் சரிந்தார்.

“நெலம் போச்சு” என்றார். வலியைப் பற்றிச் சொல்லவில்லை. “போச்சுடி. எல்லாம் போச்சு.”

மணி ஒன்பதரை இருக்கும். அடுத்த தெருவில் நிறைமாதக்காரி ஒருத்தியைப் பார்க்கப் பையும் குடையுமாக வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்த சைத்தூன் பீவி, சத்தம் கேட்டு வரப்பில் இறங்கி வந்தாள்.

“என்னம்மா ஆச்சு? நேத்து வரைக்கும் நடந்துக்கிட்டுதானே இருந்தாரு தம்பி?”

“காலையில ஒதை வாங்கினாரு அக்கா.”

“யாருகிட்ட?”

“குத்தாலத்துக்காரர்கிட்ட. கேட்டு வாங்கினாரு.”

சைத்தூன் பீவி பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பையைக் கீழே வைத்தாள். கால் விரல்களைத் தொட்டு மரத்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, அடியில் இரண்டு நாற்று முடிச்சைக் கொடுத்து உயர்த்தினாள்.

“எனக்கு ஏரு புடிக்கணும். என்னை எழுப்பி விடுங்க.”

“எழுப்பறேன். மொதல்ல பல்லைக் கடிக்காதீங்க. முப்பது வருஷமா பார்க்கறேன் தம்பி, இடுப்பு இறுகுறது மொதல்ல தாடையிலதான் தெரியும். பல்லைக் கடிக்கிற பொண்ணுக்குத்தான் பிரசவம் இழுத்துக்கிட்டே போவும். தாடையை விடுங்க.”

“வலி போயிடுமா?”

“போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வலிக்கு மேல பயத்தையும் ஏத்தி வச்சிருக்கீங்க பாருங்க, அது எறங்கும். அது எறங்கினா எழுந்துக்கலாம். எங்க, கால் வெரலை இறுக்குங்க. அஞ்சு எண்ணுங்க. விடுங்க. மூச்சு உள்ள போறதைவிட வெளிய வர்றது மெதுவா இருக்கணும். இப்ப கெண்டைக்கால்…”

மேல் வயலில் நடவுப் பெண்கள் நாற்றோடு காத்திருந்தார்கள். நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. செவ்வந்திக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கை பரபரத்தது. இறங்கி நடத் தொடங்கிவிட்டாள். வீட்டில் இரு என்று சொன்னதும், அதிகாரி வருவதும், சத்தியமாக அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

அதிகாரி பத்து மணிக்கு வரவில்லை. பத்துக்குக் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்த அவருக்கு முன்னால் பஞ்சநதம் வழி காட்டிக்கொண்டு வந்தார்.

“பாருங்க சார். நான் எழுதினதுல ஒரு எழுத்து மாறியிருக்கா? ஏரு அங்க நிக்குது, ஆளு இங்க படுத்திருக்கான். பக்கத்துல மருத்துவச்சி. என்ன கொழந்தைன்னுதான் தெரியல.”

நடவுப் பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கோவிந்தராசு எழுந்திருக்கப் பார்த்தார். சைத்தூன் பீவி அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள்.

“இன்னும் மூணு மூச்சு பாக்கி இருக்கு. சார், கொஞ்சம் நிழல்ல நில்லுங்க.”

ஏன் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டோம் என்று தெரியாமலே அதிகாரி நிழலில் போய் நின்றார். மூன்று மூச்சும் முடிந்தன. கோவிந்தராசு ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, யாரும் தூக்காமல் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தாலும் முதுகு ஓரளவு நேராக இருந்தது.

“இந்த நிலத்துல பாடுபடறது யாரு?” என்றார் அதிகாரி.

“நான்தாங்க.”

“இன்னிக்கு ஒரு நாள் முடியலையா, இல்ல ரொம்ப நாளாவா?”

“இன்னிக்கு ஒரு நாள்தாங்க.”

செவ்வந்தி நிமிர்ந்தாள். வெளிறிய அந்த முகம் இன்னொரு பொய்யையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. கையிலிருந்த நாற்றைச் சேற்றில் எறிந்துவிட்டுக் கரையேறினாள்.

“போதுங்க. நெலம் போனாப் போவுது. சார், அவரு காலைப் பாருங்க.”

“ஏய், உள்ள போ!”

“எந்த உள்ள? இது வயலு.” வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு வந்து அதிகாரி முன் நின்றாள். “அவரு காலையும் பாருங்க, என் காலையும் பாருங்க.”

கோவிந்தராசுவின் பாதம் ஒரு வருஷமாகச் சேறு காணாத பாதம். வெடிப்புகூட மூடிப்போயிருந்தது. செவ்வந்தியின் விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் சேற்றுப்புண். தோல் வெளுத்து உரிந்து, உள்ளே சிவந்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. அது ஒரு நாள் நடவில் வருகிற புண் இல்லை. தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த எவருக்கும் அது தெரியும். அதிகாரி குனிந்து பார்த்த விதத்திலேயே அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்று தெரிந்தது.

“ஒரு வருஷமா அவரு குனியலைங்க. ஏரு மாரியப்பண்ணன் ஓட்டுறாங்க. பதிலுக்கு அவங்க வயல்ல நான் நடறேன். மத்ததெல்லாம் நான்தான். எழுதிக்குங்க. ஆட்சேபத்துல இருக்கறது நெசம்னே எழுதிக்குங்க. இந்த ஆளை நிம்மதியாப் படுக்க விட்டாப் போதும்.”

பஞ்சநதத்தின் முகத்தில் கல்யாணக் களை வந்தது.

அதிகாரி குழம்பிப்போய்க் கேட்டார்: “இதை ஏம்மா ஒரு வருஷமா மறைச்சீங்க? குத்தகைக்காரர் உழைப்பு, இல்லேன்னா அவரு குடும்பத்தார் உழைப்புன்னுதான் சட்டத்துலயே இருக்கு. நீங்க அவரு குடும்பம்தானே?”

செவ்வந்திக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியபோது திரும்பிக் கணவனைப் பார்த்தாள். விடியுமுன்னே வந்து ஒளிந்து ஒளிந்து மடை திருப்பியது, தலையாரி வந்தால் கருவேலம் புதரில் பதுங்கியது, இன்று காலை மூன்று உதை. எல்லாம் எதற்காக? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! சிரிப்பதா, அந்த நாற்று முடிச்சாலேயே இரண்டு போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அப்ப பேரு ஏறிடும்” என்றார் மாரியப்பன்.

“ஏறாது” என்றார் பஞ்சநதம். களை போன முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. “சார், அவன் குடுத்த மனுவை எடுங்க. மூணாவது பாரா.”

அதிகாரி கட்டைப் பிரித்து எடுத்துப் படித்தார். “‘…நானே ஏர் பிடித்து உழுது, சகல வேலைகளையும் நானே செய்து வருகிறேன். என் மனைவியோ என் குடும்பத்துப் பெண்களோ வயலில் இறங்கும் வழக்கம் கிடையாது.’ இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க” என்றார் கோவிந்தராசு.

செவ்வந்திக்கு இது புதுச் செய்தி.

அதிகாரி பேனாவை மூடினார். “நான் கண்ணால பார்த்ததைக் குறிச்சுக்கறேன். ஆனா மனு ஒண்ணு சொல்லுது, உங்க சம்சாரம் ஒண்ணு சொல்றாங்க. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வலங்கைமான் ஆபீஸ்ல ஆஜராகுங்க. மனுவுல எழுதினது தப்பு, வயல்ல உழைக்கிறது என் சம்சாரம்னு நீங்களே வாயால சொல்லணும். சொன்னா பதிவு. சொல்லலேன்னா ஆட்சேபம் நிக்கும்.”

“வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்” என்றார் பஞ்சநதம். “நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வர்றேன். பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறேன்னு கோவிந்தராசு வாயால சொல்றதைக் கேக்க வேணாமா?”

சாயங்காலம் விளக்கு வைத்த நேரம். கோவிந்தராசு பாயில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். செவ்வந்தி தவிட்டு மூட்டையைச் சூடு பார்த்து அவர் இடுப்புக்கு அடியில் கொடுத்தாள். கொடுத்த வேகத்தில் சூடு அதிகமா என்று கேட்கவில்லை.

“ஏன் அப்படி எழுதச் சொன்னீங்க?”

கோவிந்தராசு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்கம்மா இதே வயல்ல பண்ணையாளா நட்டுச்சு. காலு அழுகி அழுகிப் போவும். கடைசி வரைக்கும் செருப்புப் போட முடியல. என் பேருல குத்தகை வந்தன்னிக்கு, என் பொண்டாட்டி இந்தச் சேத்துல எறங்க மாட்டான்னு நெனச்சேன். மனு எழுதறவன் கேட்டான். அதையே சொன்னேன்.”

“எழுதிட்டா எறங்கலேன்னு ஆயிடுமா? எறங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்? வரப்புல குந்திப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

கோவிந்தராசு தவிட்டு மூட்டையை இன்னும் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார்.

“சரி. கால் வெரலை இறுக்குங்க” என்றாள். “விடுங்க. கெண்டைக்கால். விடுங்க.”

தொடை தளர்ந்தது. இடுப்பு, காலையிலிருந்து முதல் முறையாக, பாயில் படிந்தது. அவள் குரலில் கனிவு இல்லைதான். இருந்தாலும் உடம்பு அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டது.

வேம்பு அரைத்த மருதாணியைக் கிண்ணத்தில் கொண்டு வந்து வைத்துவிட்டு, செவ்வந்தியின் முகத்தைப் பார்க்காமல் போனாள். “சேத்துப்புண்ணுக்குப் போட்டுக்க” என்றது மட்டும் வாசலிலிருந்து கேட்டது.

கோவிந்தராசு ஒருக்களித்துத் திரும்பினார். வலியோடு கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்தார். விழுதைத் தொட்டு, அவள் காலை நோக்கிக் கொண்டு போனார்.

செவ்வந்தி காலை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்.”

“எரியுதுல்ல?”

“எரியத்தான் எரியுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இது ஆறக் கூடாது. மேல வயல்ல மிச்ச நடவும் நாளைக்கு எனக்கு இருக்கு.” கிண்ணத்தை வாங்கிப் பிறைமாடத்தில் எட்டாத உயரத்தில் வைத்தாள். “என் காலு பேசிடும். அதுக்கு மேல பேச வேண்டியது நீங்க. அங்க வாயைத் தொறப்பீங்களா, மாட்டீங்களா?”

அவர் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு சீராகத்தான் வந்தது. கால், இடுப்பு, தோள் எல்லாம் தளர்ந்துதான் கிடந்தன.

“தாடையை விடுங்க” என்றாள் செவ்வந்தி.

ஐந்து எண்ணினாள். மறுபடியும் ஐந்து எண்ணினாள். பல்லைக் கடித்ததில் கன்னத்தில் புடைத்த முடிச்சு அப்படியே இருந்தது.